ஒரு சல்லிக்கல் போதும் கார் ஏசியைக் கெடுக்க

ஆடி மாதம், கச்சான் காற்று அனலாக அடிக்கிற நேரம். அம்மாவைக் கண்டி கிளினிக்கில் காட்டிவிட்டுத் திருகோணமலைக்குத் திரும்பி வருகிறோம். ஹபரணை தாண்டியதும் முன்னால் சல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று. தார்ப்பாய் பாதிதான் மூடியிருந்தது. முந்த இடம் கிடைக்காமல் அதன் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்தேன். பம்பர் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, கண்ணாடியில் படவில்லையே என்று விட்டுவிட்டேன். கந்தளாய் வரும்போது ஏசியில் வெறும் காற்றுதான். பின்சீட்டில் அம்மா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வீடுவரை வந்தார். அது இன்னும் எனக்கு மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்த நாள் காலையில் கராஜ். பம்பரின் கீழ்ப்பக்க கிரில் வழியாக டோர்ச் அடித்துப் பார்த்த மெக்கானிக் அண்ணன், 'இங்க பாரும் தம்பி' என்று கூப்பிட்டுக் காட்டினார். ஏசி கேஸின் சூட்டை வெளியே விடுகிற கண்டென்சரில் சின்னதாய் ஒரு நசுங்கல், அதைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டிக் கறுத்துக் கிடந்தது. கேஸ் வெளியேறும்போது அதோடு சேர்ந்து, கேஸை அழுத்தித் தள்ளுகிற கம்ப்ரசரின் எண்ணெயும் கசியும், அதனால் இந்தக் கறுப்புத்தான் ஓட்டைக்கு அடையாளம். 'இதுக்குள்ள எத்தனை தரம் கேஸ் அடிச்சாலும் நிக்காது' என்றார்.

கண்டென்சர் இருக்கிற இடம் அப்படி. ரேடியேட்டருக்கும் முன்னால், கல் முதலில் வந்து படுகிற இடத்தில்தான் அதை வைக்க வேண்டியிருக்கிறது, காற்றுப் பட்டால்தானே சூடு இறங்கும். அதன் குழாய்கள் மெல்லிய தட்டை அலுமினியம், நடுவில் இருக்கிற மடிப்புத் தகடு விரல் நகம் பட்டாலே வளையும். உள்ளே அழுத்தமோ, நம் ஊர் வெயிலில் 15 பார், அதற்கு மேலும் போகும். டயருக்கு நாம் அடிக்கிற காற்று 2 பாருக்குக் கொஞ்சம் மேல்தான், ஒப்பிட்டுப் பாருங்கள். கடைசியில் கண்டென்சரையும் ஈரம் உறிஞ்சும் டிரையரையும் புதிதாக மாற்றி, உள்ளே இருக்கிற காற்றை வெக்கியூம் பம்பால் இழுத்து எடுத்து, பொனெட் ஸ்டிக்கரில் போட்டிருக்கிற எடைக்குக் கேஸ் நிரப்பினோம்.

இனி இதைக் காப்பாற்ற வேண்டும் என்று ஹாட்வெயாரில் நுளம்பு வலை வாங்கிக்கொண்டு போனேன். அண்ணன் ஒன்றும் பேசாமல் கராஜ் விசிறிக்கு முன்னால் அதைப் பிடித்து, பின்னால் என் கையை வைக்கச் சொன்னார். காற்று பாதிகூட வரவில்லை. அப்புறம் 6 மில்லிமீற்றர் கண் உள்ள அலுமினிய வலையைப் பிடித்தார், காற்று நன்றாக வந்தது. பொடிக்கண் வலையில் பூச்சியும் தூசியும் அடைத்தால், வாகனம் நின்றபடி எஞ்சின் ஓடும்போது ஏசி குளிராது, பின்னால் இருக்கிற ரேடியேட்டருக்கும் காற்றுப் போதாமல் எஞ்சின் சூடேறும். பெரிய கண்ணுக்குள்ளால் பொடிக் கல் புகத்தான் செய்யும், சரி, ஆனால் ஓட்டை போடுகிற அளவு கற்களில் முக்கால்வாசி நின்றுவிடும்.

வலையைக் கண்டென்சரில் கட்டவே கூடாது. பம்பரைக் கழற்றி, கிரிலின் உள்பக்கத்தில் பிளாஸ்டிக் டையால் இறுக்கி, கண்டென்சருக்கு இரண்டு விரல் இடைவெளி விட்டோம். முட்டிக்கொண்டிருந்தால் ஓட்டத்தில் உரசி உரசி வலையே குழாயை ஓட்டையாக்கிவிடும். கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு இன்னொன்றும் முக்கியம். ஸ்டெயின்லெஸ் வலை அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், உப்புக்காற்று ஈரத்தில் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் தினமும் ஓடுகிறவர்கள் கவனியுங்கள். உப்பும் தூசியும் போக அடிக்கடி கழுவுங்கள், ஆனால் சாதாரண குழாய்த் தண்ணீரில். சேர்விஸ் பண்ணும் இடத்தில் பிரஷர் கன்னைக் கிட்ட வைத்து அடித்தால் தகடு எல்லாம் படுத்துவிடும், பிறகு காற்றுப் போக வழியில்லை.

கிண்ணியாப் பக்கம் மணல் டிப்பர் முன்னால் போனால் இப்போது நான் வேகத்தைக் குறைத்து, அது தூரம் போகும்வரை பின்னுக்கே நிற்கிறேன். அம்மா ஏறியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூட.

போன ஞாயிறு கழுவும்போது பார்த்தேன், வலையில் ஒரு கல் சிக்கியிருந்தது. சுண்டுவிரல் நுனியளவு. அந்த இடத்தில் கம்பி உள்ளுக்கு வளைந்திருந்தது, பின்னால் கண்டென்சரில் ஒரு கீறலும் இல்லை. கல்லை எடுத்து எறிந்துவிட்டு, கம்பியை விரலாலேயே நிமிர்த்தி விட்டேன்.