கைடோட நடக்கலாமா, தனியா சுத்தலாமா?

புது ஊருக்கு டிக்கெட் போட்டதும் அடுத்து வர்ற யோசனை இதுதான், கைடோட ஊர நடந்தே சுத்திப் பாக்குற வாக்கிங் டூர் புக் பண்ணலாமா வேணாமான்னு. மேப் ஃபோன்லயே இருக்கு, எந்தக் கோட்டைய யாரு கட்டுனாங்கன்னு நெட்ல கெடைக்குது, அப்புறம் எதுக்கு ஒருத்தர் பின்னாடியே போகணும்னு கேக்குறவங்க நெறைய பேர். நியாயமான கேள்விதான். ஆனா எனக்கு முதல்ல தெரிய வேண்டியது எத்தனை பேரோட நடக்கப் போறோம்ங்கிறதுதான்.

பத்து பன்னெண்டு பேர்னா கைடு நம்ம முகத்தப் பாத்துப் பேசுவார், பூட்டிக் கெடக்குற ஒரு பழைய வீட்டக் காட்டி இது யாரோடதுன்னு கேட்டா நின்னு பதில் சொல்லுவார், அந்த மாதிரி விஷயமெல்லாம் நெட்ல தேடணும்னே நமக்குத் தோணாது. நாப்பது பேர்னா கடைசியில நிக்கிறவங்களுக்கு ஒண்ணும் கேக்காது, ரோட்டக் கடக்கவே பாதி நேரம் போயிடும், அந்தத் தெருவுல குடியிருக்கிறவங்களுக்கும் தொல்லை. வெனிஸ்ல 2024ல ஒரு குழுவுக்கு 25 பேருக்கு மேல கூடாது, லவுட்ஸ்பீக்கரும் கூடாதுன்னு சட்டமே போட்டுட்டாங்க.

'ஃப்ரீ டூர்'னு பாத்தா ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, கைடுக்கு வருமானமே கடைசியில நாம குடுக்குற டிப்ஸ்தான். சில கம்பெனியில வர்ற ஆளுக்கு இவ்வளவுன்னு கைடே காசு கட்டணும், அதனால முடியுற நேரத்துல நழுவிப் போறத தயவுசெஞ்சு பண்ணாதீங்க. நெஜமாவே காசு வாங்காம கூட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க. 1992ல நியூயார்க்ல 'பிக் ஆப்பிள் க்ரீட்டர்'னு ஆரம்பிச்சாங்க, அதே மாதிரி இப்போ பல நாடுகள்ல உள்ளூர்க்காரங்களே வாலண்டியரா வந்து அவங்க ஏரியாவச் சுத்திக் காட்டுறாங்க, முன்கூட்டியே கேட்டு வெக்கணும், அவ்வளவுதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது.

போறதா இருந்தா முதல் நாளே போயிடுங்க. எங்க திரும்பவும் வரணும், எத விட்டுடலாம்னு கைடுகிட்டயே கேட்டுக்கலாம், கடைசி நாள்ல கேட்டு என்ன பண்றது?

கூட வர்றவங்களுக்கு முட்டி வலின்னா மட்டும் நல்லா யோசிங்க. நடக்குற தூரம் பெருசா இருக்காது, ஆனா ரெண்டு மூணு மணி நேரம் அங்கங்க நின்னுக்கிட்டே கேக்கணும், அதுலதான் காலு ரொம்ப வலிக்கும். நடுவுல உக்கார இடம் இருக்கா, பாதியில கெளம்பிக்கலாமான்னு புக் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.