கிணற்றுப் பங்கும் சகோதரமும்

யூன் 3
அண்ணையின் மகன் வேலிப் பொட்டால் நுழைந்து வந்தான். தமிழ்த்தினப் போட்டிக்கு மூன்று நிமிடப் பேச்சாம். தலைப்பு: சகோதரத்துவம். "சித்தப்பா, நீங்கள் எழுதித் தாங்கோ."

அவன் அப்பாவும் நானும் தைப்பொங்கலுக்குப் பிறகு பேசுவதில்லை. பங்குக் கிணற்றில் யார் எப்போது மோட்டர் போடுவது என்ற சண்டை. இதை எழுத என்னைத்தானா பிடித்தான்! சரி என்றேன்.

யூன் 4
சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். 'சக' என்றால் உடன், 'உதரம்' என்றால் வயிறு. ஒரே வயிற்றில் பிறந்தவன் சகோதரன். கிரேக்கத்திலும் இதே கணக்குத்தான்: அடெல்ஃபோஸ். 'அ' ஒரே என்பதையும், மிச்சம் கருப்பையையும் குறிக்கும். பிலடெல்பியா நகரத்தின் பெயருக்குள்ளும் அந்த வயிறு கிடக்கிறது.

'த்துவம்' ஒட்டியதும் சொல் மேடை ஏறிவிடுகிறது. வீட்டில் யார் சகோதரத்துவம் என்கிறார்கள்? "உங்களுக்கு எத்தனை சகோதரம்?" என்றுதான் கேட்போம். அண்ணை, அக்கா, தங்கச்சி எல்லாம் அதற்குள் அடக்கம். பெரியம்மாவின் பிள்ளைகள் ஒன்றுவிட்ட சகோதரம்.

யூன் 5
தம்பி என்ற சொல்லில் மாட்டிக்கொண்டேன். பழந்தமிழில் எம்பி என்றால் என் தம்பி, நும்பி என்றால் உன் தம்பி, தம்பி என்றால் அவன் தம்பி. முதல் இரண்டும் வழக்கொழிந்து, அடுத்தவனுடைய தம்பி மட்டும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டான். மினிபஸ் கொண்டக்டரை நான் அண்ணை என்கிறேன், சந்தைக்காரர் என்னைத் தம்பி என்கிறார். சொந்த அண்ணைக்கு மட்டும் இப்போது நான் 'அங்கால் வீட்டுக்காரன்'.

யூன் 7
பெடியன் வாசித்துப் பார்த்தான். "அப்ப நான் உங்களுக்கு ஆர்?"
"பெறாமகன்."
"பெறேல்லை எண்டு பேரிலையே போட்டிட்டியள்!"
அதையும் பேச்சில் சேர்த்தேன். அதுதான் நல்ல வரி.

யூன் 12
இரண்டாம் இடம். நேரம் கடந்துவிட்டதாம், என் பிழைதான்.

பின்னேரம் என் முறை. மோட்டருக்குள் ஊற்றத் தண்ணீர் வாளியோடு போனால், கிணற்றுக்கட்டில் அண்ணை இருக்கிறார். எழும்பவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை.

"அந்தக் கிரேக்கத்தை வெட்டியிருக்கலாம்" என்றார்.

"ஓம்" என்றேன். மோட்டரைப் போட்டேன். இரைச்சலில் பிறகு அவர் சொன்னது கேட்கவில்லை.