ஒரு பெண்ணுக்கு ஐந்து சராசரி

பெரியவளின் ஜி.பி.ஏ. எவ்வளவு என்று கோவில் வாசலில் ஒரு மாமி கேட்டபோது, "எந்த ஜி.பி.ஏ.?" என்று நான் திருப்பிக் கேட்டுவிட்டேன். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு, புளியோதரைப் பாத்திரம் இருந்த பக்கம் நகர்ந்துவிட்டார்.

உண்மையில் அது நியாயமான கேள்வி. ஜி.பி.ஏ. என்பது ஏவுக்கு நான்கு, பிக்கு மூன்று என்று கிரேடுகளுக்குப் புள்ளி போட்டு எடுக்கும் சராசரி. பள்ளியின் சாதாரணக் கணக்கில், அதாவது கூடுதல் புள்ளி சேர்க்காத 'அன்வெயிட்டட்' கணக்கில், அவளுக்கு 3.78. அதே பள்ளி கடினமான பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி சேர்த்துப் போடும் கணக்கில் 4.06. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் விதிகளின்படி போட்டால் 3.82, 4.18, 4.27 என்று மூன்று விடைகள் வருகின்றன. பெண் ஒருத்திதான், எழுதிய பரீட்சைகளும் அவைதான். ஆனால் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் யாரிடமோ பொய் சொன்ன மாதிரி ஆகிவிடுகிறது.

இந்த ஐந்தையும் கணக்கிட்டுத் தந்தவர் மாமா, என் கணவரின் அப்பா. திருநெல்வேலி கருவூலத்தில் ஊரார் பில்களையெல்லாம் பைசா சுத்தமாகச் சரிபார்த்து ஓய்வு பெற்றவருக்குக் கலிபோர்னியாவின் ஃபிரீமாண்டில் என்ன பொழுது போகும் என்று நாங்கள் கவலைப்பட்டிருக்க வேண்டியதே இல்லை. பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தை நவம்பர் கடைசிக்குள் அனுப்ப வேண்டும், மதிப்பெண் பட்டியலை இப்போது அனுப்பத் தேவையில்லை, பிள்ளைகளே ஒவ்வொரு பாடத்தையும் அதற்கு வாங்கிய கிரேடையும் பதிய வேண்டும் என்று பேத்தி சொன்ன மாத்திரத்தில் அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். பிள்ளைகள் கையில் கணக்கைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் ஒரு நிறுவனம் இந்த உலகத்தில் உண்டு என்பதையே அவரால் நம்ப முடியவில்லை.

ஊரிலிருந்து கொண்டுவந்த தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை அவர் குப்பையில் போடுவதில்லை. கணக்குகள் எல்லாம் அவற்றின் பின்பக்கத்தில்தான். முன்பக்கம் வியாழக்கிழமை ராகுகாலம் 1.30 முதல் 3 வரை என்று அச்சிட்டிருக்கும் தாளைத் திருப்பினால், பேத்தியின் பத்தாம் வகுப்பு ஸ்பானிய மொழியின் இரண்டாம் பருவம் சிவப்பு மையில் உட்கார்ந்திருக்கும்.

முதல் தகராறு, 90 எடுத்தவளுக்கும் 99 எடுத்தவளுக்கும் ஒரே ஏ, ஒரே நான்கு புள்ளி என்பதில் வந்தது. "அப்போ அந்த ஒன்பது மார்க்கை யாரு தின்னா?" என்று மாமா என்னைப் பார்த்துக் கேட்டார், நான்தான் தின்றவள் போல. ஏ பிளஸ், ஏ மைனஸ் என்று பள்ளி போட்டாலும் பல்கலைக்கழகம் அந்தக் கூட்டல் கழித்தல் குறிகளைக் கண்டுகொள்ளாது என்றதும் அவர் முகம் இன்னும் வாடியது. அரைக்கால் மதிப்பெண் வித்தியாசத்தில் தலையெழுத்து மாறும் ஊரிலிருந்து வந்தவர் அவர். அங்கே பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃபும் பாட மதிப்பெண்களும் பிறந்த தேதியும்கூட ஒன்றாக இருந்தால், ராண்டம் எண் போட்டாவது ஒருவரை முன்னால் நிறுத்திவிடுவார்கள்.

அடுத்தது ரேங்க். வகுப்பில் இவள் எத்தனையாவது என்று கேட்டார். பள்ளியில் ரேங்க் போடுவதில்லை என்றோம். தமிழ்நாட்டிலேயே 2017 முதல் பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டார்களே என்று நான் எடுத்துக்கொடுத்துப் பார்த்தேன். அதையும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

உடற்கல்வி வந்தபோது மட்டும் சற்றுச் சமாதானமானார். இரண்டு ஆண்டுகள் அவள் மைதானத்தைச் சுற்றி ஓடி வாங்கிய ஏக்கள் பள்ளிக் கணக்கில் உண்டு, பல்கலைக்கழகக் கணக்கில் கிடையாது. நம் பள்ளிக்கூடங்களில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொண்டு திருப்பித் தராமலே போவாரே, அந்த மரபு பசிபிக் கடல் தாண்டியும் வாழ்கிறது என்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

உண்மையான போர் ஏ.பி. பாடங்களில்தான் மூண்டது. ஏ.பி. என்றால் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் படிக்கும் பாடம். அதில் சி அல்லது அதற்கு மேல் வாங்கினால் ஒரு புள்ளி கூடுதல், ஆகவே ஏ.பி.யில் வாங்கிய பி, சாதாரண வகுப்பில் வாங்கிய ஏவுக்குச் சமம். இதை மாமா தலையாட்டி ஏற்றுக்கொண்டார். ஆனால் கூடுதல் புள்ளி மொத்தம் எட்டுப் பருவங்களுக்குத்தான் தருவார்கள், அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்ற விதிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேத்தி படித்தது பத்துப் பருவங்கள். பத்து பேரைப் பந்தியில் உட்காரவைத்து இலை போட்டுவிட்டு, எட்டுப் பேருக்கு மட்டும் பாயசம் ஊற்றுவது என்ன நாகரிகம் என்று அவர் கேட்டதற்கு எங்கள் யாரிடமும் பதில் இல்லை. 22 கிரேடுகளில் பதினெட்டு ஏ, நான்கு பி, ஆக 84 புள்ளிகள். எட்டைச் சேர்த்து 22-ஆல் வகுத்தால் 4.18, பத்தைச் சேர்த்து வகுத்தால் 4.27. இரண்டையும் எழுதி, பின்னதற்குப் பக்கத்தில் "வரவேண்டிய பாக்கி" என்று குறிப்பெழுதினார்.

ஒன்பதாம் வகுப்பை எங்கே காணோம் என்று அதன் பிறகுதான் கேட்டார். அந்த வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை வரை படித்ததைத்தான் சராசரிக்கு எடுத்துக்கொள்வார்கள். ஒன்பதில் சிக்குக் குறையாமல் இருந்தால் போதும், என்ன கிரேடு என்று கூட்டிப் பார்ப்பதில்லை. அந்த வருடம் ஜியாமெட்ரியில் ஒரு சி இருப்பதை மாமா அதுவரை அறியார், நாங்களும் சொல்லியிருக்கவில்லை. பட்டியலில் அந்த சியின் மேல் விரலை வைத்துக்கொண்டு, "இதைக் கேக்கவே மாட்டானா?" என்றார். கிரேடு தெரியும், ஆனால் சராசரியில் சேராது என்றாள் பேத்தி. "பரவால்லயே" என்றார். திருநெல்வேலிக்காரர்கள் வாயில் அது பெரிய பாராட்டு.

விண்ணப்பக் கட்டணம் ஒரு வளாகத்துக்கு 80 டாலர். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் தொடங்கி இளநிலைப் பட்டம் தரும் வளாகங்கள் ஒன்பது என்பதால், எல்லாவற்றுக்கும் போட்டால் 720 ஆகும். அதை அவர் ரூபாயில் பெருக்கிய தாளை நான் ஒளித்துவைத்திருக்கிறேன்.

கணக்கு முடிந்தது என்று நாங்கள் நினைத்திருக்க, நேற்று இரவுச் சாப்பாட்டின்போது மாமா இன்னொரு தாளை எடுத்து என் கணவர் தட்டின் பக்கத்தில் வைத்தார். அதில் தமிழ் 181, ஆங்கிலம் 180, கணிதம் 196, இயற்பியல் 187, வேதியியல் 191, கணினி அறிவியல் 194 என்று இருந்தது. இவருடைய 1999-ஆம் வருடத்து பிளஸ் டூ மார்க், எந்தச் சான்றிதழையும் பார்க்காமல் எழுதியது. அந்த இயற்பியலைப் பற்றி இந்த வீட்டில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் விட்ட 13 மதிப்பெண் கட்-ஆஃபில் மூன்றேகால் ஆகிறது, அந்த மூன்றேகாலில்தான் கிண்டி பொறியியல் கல்லூரி போயிற்று என்பதை, கல்யாணமான முதல் தீபாவளிக்கே மாமா எனக்கு வகுத்துக் காட்டியிருக்கிறார். இவர் வீடு வாங்கியபோதும் அது பேசப்பட்டது, பதவி உயர்வு வந்தபோதும் பேசப்பட்டது.

தாளில் ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே சதவீதம் இருந்தது, சதவீதத்துக்கு எதிரே ஏ. இயற்பியலுக்கு 93.5, அதற்கும் ஏ. கீழே கோடு போட்டு 4.0.

"இந்த ஊர்க் கணக்குப்படி ஒனக்கு நாலுக்கு நாலுல" என்றார் மாமா, ரசத்தைப் பார்த்துக்கொண்டு.

இவர் சோற்றுக் கையோடு அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது உருக்கமாகச் சொல்வார் என்று நான் மோர்க் கிண்ணத்தோடு நின்றேன். ஆங்கிலத்தில் 180 என்றால் சரியாக 90 சதவீதம்தானே, 90 ஏவில் சேருமா பியில் சேருமா என்று கேட்டார். ஏவில்தான் சேரும் என்று மாமா அடித்துச் சொன்ன பிறகுதான் அடுத்த கவளம் இறங்கியது.

"ஆனா அது அன்வெயிட்டட் தாத்தா" என்றாள் பெரியவள். "அப்பா ஒரு ஏ.பி.கூட எடுக்கலையே."