நாலும் நாலும் சேர்ந்தால் நாலு வராது

காரில் 'தும் தும்' என்ற அடிச்சத்தத்துக்கு வைக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கரின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கைப் பார்த்தால், அதை வைத்து ஒரு தெருவுக்கே கரண்ட் கொடுத்துவிடலாம் போலிருக்கும். என் மச்சினன் வாங்கி வந்த 12 இஞ்ச் சப்வூஃபரின் பெட்டியில் தீப்பிழம்புக்கு நடுவே பொன்னெழுத்தில் 1200 வாட் என்று போட்டிருந்தது. பக்கவாட்டில், பார்கோடுக்குக் கீழே, எறும்பு எழுத்தில் ஆர்எம்எஸ் 300, அதாவது தொடர்ந்து தாங்குகிற வாட். மாமியார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம மிக்ஸியே 750 வாட்தான். இதுல என்னத்தடா அரைக்கப் போற?" என்றார்.

ஆடியில் கோயிலுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று திண்டிவனத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தோம். கார் மாமனாருடையது, பழைய ஆல்டோ. அதன் டிக்கி ஏற்கெனவே சின்னது. சப்வூஃபரை மரப்பெட்டியோடு உள்ளே வைத்தபின் மிச்சம் இருந்த இடத்தில் ஒரு குடை வைக்கலாம், அதுவும் மடக்குக் குடை. அந்த டிக்கியில்தான் அவர் மில்லிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வருவார். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

ஆம்ப்ளிஃபையர், நண்பன் ஒருவன் கைமாற்றிவிட்ட நாலு சேனல் பெட்டி. பின்பக்க இரண்டு சேனலை ஒன்றாக்கி, அதாவது பிரிட்ஜ் செய்து, சப்வூஃபருக்குக் கொடுப்பது என்று திட்டம். பிரிட்ஜ் செய்தால் குறைந்தது 4 ஓம் மின்தடை இருக்க வேண்டும் என்று முனைக்குப் பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. சப்வூஃபர் பெட்டியிலும் 4 ஓம்.

"பத்துப் பொருத்தமும் இருக்கு மாமா" என்றான்.

ஜாதகத்தில் ஒரு கட்டத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை. அது இரட்டைச் சுருள் சப்வூஃபர். ஒரே கூம்புக்கு இரண்டு வாய்ஸ் காயில், ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டு சிவப்பு முனைகளையும் ஒன்றாக முறுக்கி, இரண்டு கறுப்பையும் ஒன்றாக முறுக்கி ஆம்பில் கொடுத்துவிட்டான். என் வேலை செல்போன் டார்ச்சைப் பிடிப்பது. மாப்பிள்ளை என்ற மரியாதைக்கு அதற்கு மேல் வேலை தரமாட்டார்கள்.

பாட்டுப் போட்டான். மெலடி என்றால் தேனாகப் பாடியது. குத்துப் பாட்டுக்கு மாற்றியதும்தான் கூத்து. முன்னிசை வரும், பாடகர் ஒரு வரி பாடுவார், டிரம்ஸ் இறங்குகிற அந்த நொடியில் ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகவே உயிர் வந்து பாடும். மறுபடி டிரம்ஸ், மறுபடி மயக்கம். "அதுக்கே பிடிக்கலபோல" என்றார் மாமியார் உள்ளிருந்து.

மச்சினனுக்கு கிரவுண்ட் வயர் மேல் சந்தேகம். டிக்கித் தரையில் போல்ட் மாட்டிய இடத்தில் பெயிண்டை இன்னும் கொஞ்சம் சுரண்டினான். பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டில் கிரவுண்ட் கொடுப்பது சரியான முறைதான், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் தன் காரில் சுரண்டல் நடந்திருக்கிறது என்ற விஷயமே மாமனாருக்கு அப்போதுதான் தெரிந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் பின்னாலேயே மைக் செட் அண்ணனும் வந்தார்.

கோயிலுக்கு அவர்தான் மைக் செட். காலையிலிருந்து ஊரை எழுப்பிக்கொண்டிருந்த கூம்பு ஸ்பீக்கர்கள் அவருடையவை. மாமனாரிடம் கரண்ட் கனெக்‌ஷன் கேட்க வந்தவர், டிக்கி திறந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டார். சட்டைப் பையிலிருந்து இன்சுலேஷன் டேப் சுற்றிய ஒரு மல்ட்டிமீட்டரை எடுத்தார்.

முதலில் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்தார். 0.3 காட்டியது. "இது மீட்டர் வயரோட கணக்கு, கழிச்சுக்கணும்." அப்புறம் முறுக்கைப் பிரித்து ஒரு சுருளை அளந்தார். கழித்ததுபோக 3.6.

"அண்ணே, 4 போட்டிருக்கானே?" என்றான் மச்சினன், ஏமாந்த குரலில்.

"சும்மா இருக்கிற சுருள மீட்டர்ல அளந்தா கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும் தம்பி. 3.6 வந்தா அது 4 ஓம் காயிலு." அடுத்த சுருளும் அதே. இரண்டையும் அவன் முறுக்கியிருந்த மாதிரியே சேர்த்து அளந்தார். 1.8. "நீ குடுத்திருக்கிறது 2 ஓம். பிரிட்ஜ் பண்ணா ஆளுக்குப் பாதி. ஒவ்வொரு சேனல் தலையிலயும் 1 ஓம் உக்காந்திருக்கு. ஓம் குறையக் குறைய கரண்ட்ட இழுத்துத் தள்ளும். மெல்லமா பாடுறப்ப தாங்கும், அடிச்சா தாங்காது. புரொடெக்‌ஷன் இருக்கக்கொண்டு பொழச்சுது."

"அப்ப 4 ஓம் வர்ற மாதிரி குடுங்கண்ணே."

அண்ணன் சிரித்தார். "வராது. பேரலல்ல, அதாவது நீ முறுக்குன மாதிரி, 2. ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா சீரியஸ்ல 8. நாலும் நாலும் சேந்தா நாலு வராது. 2 ஓம் காயில் ரெண்டு இருக்கிறதா வாங்கியிருந்தா சீரியஸ்ல அழகா 4 வந்திருக்கும். இப்ப 8லதான் ஓட்டணும். கோயில்ல தொங்குதே சீரியல் பல்பு, அந்த மாதிரி ஒண்ணோட வால்ல இன்னொண்ணோட தலைய முடிஞ்சிரு." கோயிலில் பாட்டு நின்றிருந்தது. ஓடிவிட்டார்.

மச்சினன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. 8 ஓம் என்றால் 4 ஓமில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி பவர்தான். 1200 வாட் கனவு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. அந்தத் துக்கத்தோடே வயரை முறுக்கினான். பாட்டைப் போட்டால், பச்சை விளக்கு எரிகிறது, முன்பக்க ஸ்பீக்கர் பாடுகிறது, சப்வூஃபர் மட்டும் தியானத்தில் இருக்கிறது. கூம்பின் மேல் கையை வைத்தால் அசைவே இல்லை. காயில் எரிந்துவிட்டது என்று அவன் முடிவுகட்ட, மாமனார் முதல் முறையாக லேசாகப் புன்னகைத்த மாதிரி எனக்குப் பட்டது.

அண்ணன் திரும்பி வந்து அளந்தார். 7.2. கணக்கு சரி. "டிவி ரிமோட்டு செல்லு ஒண்ணு குடுங்க" என்றார். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியாரிடமிருந்து அதை வாங்கி வந்த வீரம் என்னுடையது என்பதைப் பதிவு செய்கிறேன்.

செல்லின் இரண்டு முனையையும் வயர் நுனியில் தொட்டார். கூம்பு அசையவில்லை. ஒரு சுருளை மட்டும் பிரித்துத் தொட்டார். 'டப்' என்று கூம்பு வெளியே எழும்பி நின்றது, கையை எடுத்ததும் உள்ளே போனது. அவனையே கூப்பிட்டுத் தொடச் சொன்னார். விஷயம் இதுதான்: மைனஸோடு பிளஸ்ஸைச் சேர்ப்பதற்குப் பதில் இரண்டு மைனஸையும் சேர்த்து முறுக்கியிருந்தான். ஒரு சுருள் வெளியே தள்ள, இன்னொன்று உள்ளே இழுக்க, இரண்டும் கச்சிதமாக ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. மல்ட்டிமீட்டருக்கு ஓம்தான் தெரியும், திசை தெரியாது. அதனால் அளவு மட்டும் சரியாக வந்தது.

முறுக்கை மாற்றிப் போட்டார். கெயினை மச்சினன் கடைசி வரை திருப்பி வைத்திருந்தான். அது வால்யூம் இல்லை, கார் ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னலுக்கு ஏற்ப வைக்கிற அளவு என்று சொல்லிக் குறைத்தார். லோ பாஸை, அதாவது கனத்த சத்தத்தை மட்டும் உள்ளே விடுகிற வடிகட்டியை, 80 ஹெர்ட்ஸ் பக்கம் வைத்தார். அதே குத்துப் பாட்டு, அதே டிரம்ஸ். சிவப்பு விளக்கு எட்டிப் பார்க்கவில்லை. நம்பர் பிளேட் மட்டும் கூடவே தாளம் போட்டது. சைக்கிள் டியூபில் இரண்டு வாஷர் வெட்டிப் போல்ட்டுக்கு உள்ளே கொடுத்ததும் அதுவும் அடங்கியது.

"பாதி பவர்தானேண்ணே" என்று இன்னமும் முனகினான்.

"பாதி போனா 3 டெசிபல் குறையும். காதுக்குப் பெருசாத் தெரியாது. ரெட்டிப்பா சத்தம் கேக்கணும்னா பத்து மடங்கு வாட் வேணும். இந்த ஆம்புல ஃபியூஸ் ரெண்டு, 25 ஆம்பியர் ஒவ்வொண்ணும். 50ஐ 12 வோல்ட்டால பெருக்கு, 600. உள்ள போறதே அவ்வளவுதான், அதுல பாதிக்கிட்ட சூடாவே போயிரும். 1200 வாட்டுக்கு எங்க போவ நீ?"

இந்த ஃபியூஸ் கணக்கைக் கடைக்குப் போகிற ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ளலாம். அட்டைப்பெட்டி சொல்லாததை ஃபியூஸ் சொல்லிவிடும்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து காபி வந்தது. அண்ணன் டம்ளரை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில், "இதே மாதிரி இன்னொண்ணு இருந்தா கணக்கு அம்சமா வந்துரும் தம்பி. ரெண்டையும் தனித்தனியா 8 ஆக்கி, அப்புறம் பேரலல்ல போட்டா அச்சு அசலா 4" என்றார்.

மச்சினன் நிமிர்ந்தான். மெதுவாகத் திரும்பி ஆல்டோவின் பின்சீட்டைப் பார்த்தான்.

"அண்ணனுக்குக் கோயில்ல வேலை இருக்கும்" என்று மாமனார் எழுந்து, பாதி காபி இருந்த டம்ளரைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.