லேத்துக்குக் கூலன்ட்: ஆயில் டின்னை எடுக்கும் முன்

கூலன்ட், அதாவது மெட்டலை வெட்டும்போது டூல் முனையில் ஊற்றும் திரவம், என்றதும் பலரும் கேட்பது "எந்த கம்பெனி ஆயில் நல்லது?" என்றுதான். கம்பெனி பிறகு வரட்டும். என்ன டூல், என்ன மெட்டல், என்ன ஸ்பீடு, இந்த மூன்றும் தெரிந்தால்தான் பதிலே சொல்ல முடியும். போர்வெல் தண்ணீரை நம்பி ஓடும் கோவைப் பக்கத்துப் பட்டறைகளில் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பீடு கூடினால் சூடுதான் டூலைத் தின்னும். ஸ்பீடு குறைந்தால் மெட்டல் டூல் முனையில் அப்பிக்கொள்ளும். சூட்டை வாங்குவதில் தண்ணீரை அடிக்க எதுவும் இல்லை. 1880களில் அமெரிக்காவின் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் எஃப்.டபிள்யூ. டெய்லர் என்ற இன்ஜினியர், டூல் முனையில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றியே வெட்டும் வேகத்தை 30-40% வரை கூட்டிக் காட்டினார். ஆனால் தண்ணீருக்கு வழுக்கும் குணம் கிடையாது, துருவும் வரும். அந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் தண்ணீரில் பால் போலக் கலக்கும் சொல்யூபிள் ஆயில்.

எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலில் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) கடைவது என்றால் 1:20 கலவை போதும், அதாவது ஒரு பங்கு ஆயிலுக்கு 20 பங்கு தண்ணீர். ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எச்.எஸ்.எஸ். மெத்தென்று ஆகிவிடும் என்பதால் கூலன்ட் நிற்காமல் ஓட வேண்டும். அதைவிடக் கடினமான, சூடு தாங்கும் கார்பைடு டூலில் கதை வேறு. ஊற்றினால் முதல் வெட்டிலிருந்து கடைசி வரை ஊற்றுங்கள், இல்லையென்றால் டிரையாகவே ஓட்டுங்கள். இன்சர்ட் (டூல் முனையில் மாட்டும் கார்பைடு துண்டு) பழுக்கச் சூடான பிறகு பிரஷ்ஷால் இரண்டு சொட்டு வைப்பதுதான் மோசம். சூடும் குளிரும் மாறி மாறி வர, வெட்டும் விளிம்புக்குக் குறுக்காக மெல்லிய விரிசல்கள் விழும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வரிசையாகத் தெரியும். சிறிது நேரத்தில் விளிம்பு பொடிந்துவிடும்.

திரெட் (மரை) வெட்டுவது, துளைக்குள் மரை போடும் டேப், துளையைச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் எல்லாம் மெதுவாக ஓடுகிற வேலை. இங்கே தண்ணீர்க் கலவை பெரிதாக உதவாது. திரெட்டின் பக்கவாட்டுகள் பிய்த்தெடுத்த மாதிரி இருந்தால் முனையில் மெட்டல் அப்பியிருக்கிறது என்று அர்த்தம். கந்தகம் சேர்ந்த கட்டிங் ஆயிலை ஒவ்வொரு முறை டூல் ஓடும்போதும் பிரஷ்ஷால் தடவினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) திரெட்டுக்கு இது கட்டாயம். பித்தளை, செம்புக்கு இந்த ஆயில் ஆகாது. கறை பிடித்துக் கறுத்துவிடும். பித்தளையைப் பெரும்பாலும் டிரையாகவே கடையலாம்.

வார்ப்பிரும்பும் டிரைதான். அதிலிருக்கும் கிராஃபைட்டே வழுக்கலைத் தருகிறது. கூலன்ட் விட்டால் அந்தக் கரித்தூள் சேறாகி, டூலைத் தாங்கி நகரும் சேடிலுக்கு அடியில் புகுந்து, அது ஓடும் லேத் பெட்டை அராவும். டூலை மிச்சப்படுத்தப் போய் பெட்டை இழக்காதீர்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் தடவினால் ஃபினிஷ் அழகாக வரும், ஆனால் பக்கத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ ஓடக் கூடாது. மெக்னீசியத்துக்குத் தண்ணீர் கலந்த எதுவும் கூடவே கூடாது. தூள் தீப்பிடித்தால் தண்ணீர் பட்டு ஹைட்ரஜன் கிளம்பி, தீ இன்னும் சீறும்.

இனி கலவை. 30 லிட்டர் தண்ணீருக்கு 1.5 லிட்டர் ஆயில், மேலே சொன்ன 1:20, ஏறத்தாழ 5%. தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, கிளறிக்கொண்டே ஆயிலை மெல்ல ஊற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் தயிர் போலக் கெட்டியாகி, பிறகு என்ன கலக்கினாலும் கரையாது.

உப்புத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் ஆயிலிலிருக்கும் சோப்பைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஆடையும் பிசுக்கும் மிதந்தால் அதுதான் காரணம். ஒரு கண்ணாடி பாட்டிலில் கலவையைப் போட்டு ஒரு இரவு வைத்தாலே தண்ணீரின் குணம் தெரிந்துவிடும். இதைவிட நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு: ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு டேங்கிலேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் போர்வெல் தண்ணீரை ஊற்றி நிரப்ப, உப்பு ஏறிக்கொண்டே போகும். முதல் வாரம் நன்றாக ஓடிய அதே கலவையில் போகப்போக ஜாப் (கடையும் பொருள்) துருப்பிடிப்பது இதனால்தான். டாப்-அப்புக்காவது ஆர்.ஓ. தண்ணீர் வாங்குங்கள். அதிலும் 2-3% ஆயில் கலந்து ஊற்றுங்கள், சிப்ஸோடு (மெட்டல் சீவல்) ஆயிலும் போய்க்கொண்டே இருக்கிறது.

கலவை சரியா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது. வெள்ளையாக இருப்பதெல்லாம் 5% ஆகாது. ஒளி வளைவதை வைத்துக் கலவையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அதில் தெரியும் எண்ணை ஆயில் டேட்டா ஷீட்டில் போட்டிருக்கும் ஃபேக்டரால் பெருக்க வேண்டும். 3 காட்டி, ஃபேக்டர் 1.5 என்றால் கலவை 4.5%. பெருக்காமல் விட்டால் தேவையில்லாமல் ஆயிலைக் கொட்டிக்கொண்டே இருப்பீர்கள், கை எரிச்சலும் நுரையும்தான் மிச்சம்.

திங்கட்கிழமை காலையில் அழுகிய முட்டை நாற்றம் வந்தால் டேங்கைத் திறந்து பாருங்கள். மெஷினின் நகரும் பாகங்களுக்கு விடும் ஸ்லைடுவே ஆயில் மேலே படலமாக மூடியிருக்கும். ஞாயிறு முழுக்க மெஷின் நிற்க, அடியில் காற்றில்லாமல் வளரும் பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகிறது. பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள், குளோரின் மெஷினையே துருவாக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் படலத்தை வழித்தெடுங்கள், மீன் தொட்டிக்குப் போடும் சின்ன ஏர் பம்பை டேங்கில் ஓட விடுங்கள். பி.எச். 8.5-க்குக் கீழே இறங்கி, நாற்றமும் நிற்கவில்லை என்றால் மாற்றியே ஆக வேண்டும். மாற்றும்போது அடியில் இருக்கும் சேற்றை முழுவதும் அள்ளி, டேங்க், பைப் எல்லாவற்றையும் கிளீனர் விட்டுக் கழுவுங்கள். பழைய சேற்றின் மேல் புதுக் கலவையை ஊற்றினால் அதுவும் சீக்கிரமே நாறும்.

சிப்ஸ் ஒட்டிய வேஸ்ட் துணியில் கை துடைக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வழியாகக் கூலன்ட் இறங்கித்தான் கையில் அரிப்பும் வெடிப்பும் தொடங்குகிறது. கழித்த கூலன்டைச் சாக்கடையில் விடாமல் டிரம்மில் பிடித்து, அங்கீகாரம் பெற்ற கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.