அட்டையில் ஒரு தாக்கம்

யாழ்ப்பாணத்தில் பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை. தட்டச்சு, போட்டோப் பிரதி, பைண்டிங். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வறிக்கைகளை 12 வருடமாக அடித்து வருகிறேன். நான் படிக்காத பாடம் இல்லை, பரீட்சைதான் ஒன்றும் எழுதவில்லை.

உளவியல் அறிக்கை வந்தால் மட்டும் எனக்குக் கொஞ்சம் பயம். பாமினி எழுத்துருவில் அடித்த காலத்தில் செய்த ஒரு பிழைதான் காரணம். பாமினியில் துணைக்காலுக்கு எச் விசை. அதற்குப் பதிலாகக் கை புள்ளி விசைக்குப் போய்விட்டது; ‘சாரா மாறி’ ‘சார் மாறி’ ஆகிவிட்டது. அதையே வெட்டி ஒட்டியதில் ஆறு இடத்தில் பிழை. வாய்மொழித் தேர்வுக்குப் போன பிள்ளை அழுதுகொண்டு வந்தாள். அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். ஆய்வாளர் தன் கையால் மாற்றுவது சாரா மாறி. அதனால் ஏதும் மாறுகிறதா என்று அளந்து பார்ப்பது சார் மாறி. நான் அந்த அறிக்கையில் காரணத்தை விளைவாக்கி வைத்திருந்தேன்.

போன மாதம் ஒரு பிள்ளை பென் டிரைவோடு வந்தாள். தலைப்பு: ‘உறங்குமுன் கைத்தொலைபேசிப் பாவனை சாதாரண தர மாணவரின் ஞாபகத்தில் ஏற்படுத்தும் தாக்கம்’. எனக்கு வாய் சும்மா இராது.

“பிள்ளை, ஆற்றையாவது போனைப் பறிச்சு வச்சனீங்களோ?”

“இல்லை அக்கா. வினாக்கொத்து குடுத்தனான். அறுபது பேர். ஒரே நாளில முடிஞ்சுது.”

“அப்ப நீங்கள் எதை மாத்தினீங்கள்?”

யோசித்துவிட்டுச் சிரித்தாள். ஒன்றையும் மாற்றவில்லை. போன் பார்க்கும் பிள்ளைகள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். இவள் போய்க் கேட்டாள், அவ்வளவுதான். பரீட்சைப் பயத்தில் நித்திரை வராத பிள்ளைதான் போனை எடுக்கிறதோ என்னவோ. இரவு டியூஷன் முடிந்து பிந்தி வரும் பிள்ளைக்கு நித்திரையும் குறையும், போனும் கையில் இருக்கும், படித்ததும் மறக்கும். அப்படியென்றால் குற்றவாளி டியூஷன், பழி போனுக்கு. இப்படி இரண்டு பக்கமும் கை போட்டு நிற்பதைத்தான் குழப்பும் மாறி என்கிறார்கள்.

வினாக்கொத்தின் 14ஆவது கேள்வி இன்னும் மோசம்: ‘உங்களுக்கு ஞாபக சக்தி குறைவு என நினைக்கிறீர்களா? ஆம் / இல்லை’. இதில் அளக்கப்பட்டது ஞாபகம் இல்லை, தன் ஞாபகத்தைப் பற்றிப் பிள்ளை என்ன நினைக்கிறது என்பது. இருபது சொற்களைக் காட்டி, பத்து நிமிடம் கழித்து எத்தனை சொல்கிறது என்று எண்ணியிருந்தால், அது ஞாபகத்துக்கு ஒரு செயற்பாட்டு வரையறை, அதாவது எதை எப்படி அளந்து ஞாபகம் என்கிறோம் என்பது.

நான் அடித்த அறிக்கைகளில் அடிக்கடி வரும் ஒரு பரிசோதனை லொஃப்டஸ், பாமர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 1974இல் வெளியிட்டது. 45 மாணவர்களுக்கு வாகன விபத்துப் படங்களைக் காட்டி, வாகனங்கள் என்ன வேகத்தில் போயின என்று கேட்டார்கள். கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான், வினைச்சொல் மட்டும் வேறு. நொறுங்க மோதியபோது என்று கேட்கப்பட்டவர்கள் மணிக்கு 40 மைலுக்கு மேல் சொன்னார்கள். தொட்டபோது என்று கேட்கப்பட்டவர்கள் 32 மைலுக்குக் கிட்ட. சொல் சாரா மாறி, சொன்ன வேகம் சார் மாறி. யாருக்கு எந்தச் சொல் என்பது மாணவர் கையில் இல்லை, ஆய்வாளர் கையில். இங்கே தாக்கம் என்று எழுதலாம், ஒருவரும் கேட்க முடியாது. 150 பேரோடு செய்த அடுத்த பரிசோதனையில், ஒரு கிழமை கழித்து உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் கண்ணாடியே உடையவில்லை. ‘நொறுங்க மோதிய’ குழுவில் 50 பேரில் 16 பேர் பார்த்தோம் என்றார்கள். வேகத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கப்படாத கட்டுப்பாட்டுக் குழுவில் 6 பேர். தட்டச்சுக்காரிக்கு இதைவிடப் பிடித்த ஆய்வு இருக்க முடியுமா? ஒரு சொல்லை மாற்றினால் என்ன நடக்கும் என்பது எனக்குச் சொந்த அனுபவம்.

தலைப்பில் ‘தாக்கம்’ வேண்டாம், ‘தொடர்பு’ என்று போடுவோம் என்று பிள்ளையிடம் சொன்னேன். “தொடர்பு எண்டு போட்டால் ஆய்வு சின்னதாத் தெரியாதோ அக்கா?” என்று கேட்டாள். நியாயமான கவலைதான். ‘தாக்கம்’ என்றால் ஒரு கனம் இருக்கிறது. ஆனால் ஒரே நாளில் கேட்டு முடித்த குறுக்குவெட்டு ஆய்வு அந்தக் கனத்தைத் தாங்காது. இரவில் போன் கூடிய பிள்ளைகளில் ‘ஆம்’ என்றவர்கள் கூடவா என்பதை மட்டும் சொல்லும். அதுவும் ஒரு விஷயம்தானே.

மேற்பார்வையாளரிடம் கேட்டு வந்தாள், சரி என்றாராம். முகப்பு, சுருக்கம், மூன்றாம் அத்தியாயம் எல்லாவற்றிலும் தாக்கத்தை எடுத்துத் தொடர்பைப் போட்டேன். நான்கு பிரதி, கறுப்பு அட்டை, தங்க எழுத்து.

வாங்கிப் பார்த்தவள் அட்டையைத் திருப்பி முதுகுப் பக்கத்தைக் காட்டினாள். முதுகு எழுத்தை வேறு கோப்பில் வைத்திருந்தேன். அதில் இன்னும் ‘தாக்கம்’ மினுங்கிக்கொண்டிருந்தது. நான்கு அட்டையும் என் கணக்கில்.