1984, கணக்கு பீரியட்

பஸ்ஸில் பக்கத்து சீட் பையன் போனில் ஏதோ விபத்துச் செய்தி பார்த்து "அச்சச்சோ" என்றான். அடுத்த நொடி கட்டைவிரல் அதைத் தள்ளிவிட்டது.

எனக்கு 1984 அக்டோபர் 31 ஞாபகம் வந்துவிட்டது.

எட்டாம் வகுப்பு, கணக்கு பீரியட். பியூன் வந்து காதில் ஏதோ சொன்னார். வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், விரலெல்லாம் வெள்ளையாக, ஜன்னலைப் பார்த்தபடியே நின்றார்.

இந்திரா காந்தியைச் சுட்டுட்டாங்களாம்.

டெல்லியில் சுட்டது காலையில். இறந்துவிட்டார் என்று ஆகாசவாணி சொன்னதோ மாலையில்தான், அதற்குள் பிபிசி கேட்டவர்கள் தெருவுக்கே சொல்லிவிட்டார்கள். (வதந்தி என்று அவர்களைத் திட்டியவர்களும் உண்டு.)

அந்த வயதில் செய்தியைப் பெரியவர்கள் முகத்தில்தான் படித்தோம். சுட்ட மெய்க்காவலர்கள் சீக்கியர்கள் என்பதால் அடுத்த சில நாட்கள் டெல்லியில் சீக்கியர்களுக்கு நடந்த படுகொலையை மட்டும் எந்த முகமும் சொல்லவில்லை. அது தெரியவர எனக்குப் பல வருஷம் ஆனது.